நாய்க்குட்டி வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன வாங்கணும்? – ஒரு பழவேற்காட்டு வரலாறு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ரிலீஸ், வீட்டுல வீடு மாத்தினது, அப்புறம் வழக்கமான சோம்பேறித்தனம். இப்ப வந்ததுக்குக் காரணம் ஒரு நாய்க்குட்டி.

பழவேற்காட்டுல சின்ன மாமா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு நாய் நாலு குட்டி போட்டிருக்கு. அதுல ஒண்ணு செம்பட்டைக் கலர், நெத்தியில மட்டும் வெள்ளை. மாமா போன்ல போட்டோ அனுப்பினாரு. "தூக்கினு போறியாடா?"ன்னு ஒரே ஒரு கேள்வி. நான் அன்னிக்கு ராத்திரியே எக்செல் ஷீட் திறந்துட்டேன். (பொட்டி தட்டுறவன் வேற என்ன செய்வான்?)

கழுத்து பெல்ட், சங்கிலி, ரெண்டு தட்டு, படுக்கை, பிஸ்கட், ஷாம்பு, கடிக்க பொம்மை, சீப்புன்னு மொத்தம் பதினோரு வரி. பக்கத்துல விலை, அதுக்குப் பக்கத்துல 'வாங்கியாச்சா' காலம். பெருமையா அம்மாகிட்ட காட்டினேன். அம்மா மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சிட்டு, "இன்னாடா இது, மொதல்ல வாங்க வேண்டியதே இதுல இல்லையே"ன்னு சொல்லிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டாங்க.

அது என்னன்னு கடைசியில சொல்றேன். அதுக்குள்ள, லிஸ்ட்ல இருந்த ஒவ்வொரு பொருளும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு ரெண்டு வாரமா நோண்டிக்கிட்டு இருந்தேன். அதைத்தான் இங்க கொட்டப் போறேன். பொறுமை இருக்கறவங்க தொடரவும் :-)

முதல்ல ஊரைப் பத்தி நாலு வரி

பழவேற்காடு ஏரி ஒரு உப்பங்கழி. இந்தியாவுல ஒடிசாவோட சிலிகாவுக்கு அடுத்தபடியா பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல, தெற்கு ஓரம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல தடுப்புச் சுவர் மாதிரி ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுறப்போ குப்பத்து ஜனங்க கரையில நின்னே பார்ப்பாங்க.

டச்சுக்காரங்க 1613ல இங்க கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. சோழமண்டலக் கரையில அவங்களுக்கு இதுதான் தலைமையிடம். 1690ல தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறிப்போச்சு. 1824 ஒப்பந்தப்படி அடுத்த வருஷமே ஊர் முழுசா வெள்ளைக்காரன் கைக்குப் போயிடுச்சு. கோட்டை இப்ப முள்ளுப்புதர். மிச்சம் இருக்கறது டச்சுக் கல்லறைதான். வாசல் தூண்ல எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருப்பாங்க. சின்ன வயசுல லீவுக்குப் போனா அந்த எலும்புக்கூடுதான் எங்களுக்கு பூச்சாண்டி.

சரி, லிஸ்டுக்கு வருவோம்.

1. கழுத்துப்பட்டை

குப்பத்துல நாய்க்கு யாரும் பெல்ட் வாங்கினதை நான் பார்த்ததில்லை. பழைய லுங்கியைக் கிழிச்சு ஒரு பட்டை. அவ்வளவுதான். கட்டியிருந்தா வீட்டு நாய், இல்லேன்னா ஊர் நாய்.

ஆனா அந்த லுங்கித் துணி சாதாரணம் இல்லைங்க. 'பாலையகாட்டு லுங்கி'ன்னு பெரியவங்க சொல்வாங்களே, அந்தப் பேரே பழவேற்காடுதான். டச்சுக்காரன் இங்க கோட்டை கட்டினதே முக்கியமா துணிக்காக. இங்கத்திய கட்டம் போட்ட பருத்தித் துணியைக் கப்பல்ல ஏத்திட்டுப் போய் தென்கிழக்குத் தீவுகள்ல கொடுத்து, பதிலுக்கு மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினான். மலேசியாவுல இன்னிக்கும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்'னுதான் பேரு. அந்த பெலிகாட் நம்ம ஊரு. அடுத்த தடவை மாமா வீட்டு நாய் கழுத்துல அந்தப் பட்டையைப் பார்த்தா, நானூறு வருஷத்து ஏற்றுமதி வியாபாரம் வாலாட்டிக்கிட்டுப் போகுதுன்னு நினைச்சுக்குங்க.

கயிறு விஷயத்துல மட்டும் ஒரு எச்சரிக்கை. இப்ப குப்பத்துல சுலபமா கிடைக்கறது வலையில மிஞ்சின நைலான் கயிறு. பருத்தி நூல் வலை போய் நைலான் வந்ததும் மீனவங்களுக்கு லாபம்தான், மக்காது, அறுக்காது. நாய்க்கு அதுவே வினை. குட்டி வளரும், கயிறு வளராது. சதையில இறங்கிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும். வாரத்துக்கு ஒரு தடவை நுழைச்சுப் பார்க்கணும். லுங்கிப் பட்டைக்காரங்களுக்கு இது தானாவே நடந்துடும், ஏன்னா துணி இத்துப்போயி அவங்க அடிக்கடி மாத்த வேண்டியிருக்கு.

2. தட்டும் தீனியும்

பாக்கெட்டுல அடைச்ச நாய் பிஸ்கட்டுக்கும் துறைமுகத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. ஜேம்ஸ் ஸ்ப்ராட்னு ஒரு அமெரிக்கர், இடிதாங்கி விக்கிறவரு. வியாபாரத்துக்காக லண்டன் போனப்போ, கப்பல்லேர்ந்து தூக்கிப் போட்ட காஞ்சுபோன மாலுமி பிஸ்கட்டை துறைமுகத்து நாய்ங்க சண்டை போட்டுத் தின்னதைப் பார்த்தாராம். உடனே மூளையில பல்பு. மாவு, காய், இறைச்சி சேர்த்து 1860கள் வாக்கில் நாய்க்குன்னே பிஸ்கட் போட ஆரம்பிச்சுட்டாரு. அந்தக் கம்பெனியில வேலை பார்த்த சார்லஸ் க்ரஃப்ட்தான் பின்னாடி, 1891ல, 'க்ரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியைத் தொடங்கினவரு. தெருநாய் பொறுக்கித் தின்னதைப் பார்த்துப் பிறந்த தொழில், இன்னிக்கு சூப்பர் மார்க்கெட்ல ஒரு முழு அலமாரி.

பழவேற்காட்டு நாய்க்கு இந்த வம்பே கிடையாது. படகு வந்தா மீன் தலை, வலை உதறினா பொடி மீன். தட்டு? கொட்டாங்கச்சி, இல்லேன்னா நசுங்கின அலுமினியக் குண்டான்.

நகரத்துல வளர்க்கறவங்களுக்கு: மீன் கொடுக்கலாம், வேகவெச்சு முள் எடுத்துட்டுக் கொடுங்க. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூணும் நாய்க்கு விஷம். பசும்பால் நிறைய குட்டிகளுக்கு வயித்தால போகும். தண்ணித் தட்டு தனியா, கனமா, கவுந்துபோகாத மாதிரி இருக்கணும். இவ்வளவுதான் விஷயம். எலும்பு ஷேப்ல இருக்கற தட்டு எண்ணூறு ரூபாய்னு போட்டிருந்தான், அந்த வரியை ஷீட்லேர்ந்து தூக்கிட்டேன்.

3. பேரு

இது கடையில கிடைக்காது, ஆனா கொண்டு வர்றதுக்கு முன்னாடி தயாரா இருக்கணும்.

நம்ம ஊர்ல பேரோட கல்வெட்டுல ஏறின நாய் ஒண்ணு இருக்கு, தெரியுமா? திருவண்ணாமலை மாவட்டத்துல செங்கம் பக்கம் எடுத்தனூர். அங்க ஒரு நடுகல். முதலாம் மகேந்திரவர்மனோட 34ஆம் ஆட்சி ஆண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டோட முற்பகுதி. கருந்தேவகத்தின்னு ஒரு வீரன் எருமைகளைக் காக்கப் போய் செத்துப்போறான். அவனுக்குத்தான் கல். ஆனா அந்தக் கல்லுலயே பக்கத்துல ஒரு நாயும் செதுக்கியிருக்கு. அது பேரு கோவிவன். ரெண்டு கள்ளனைக் கடிச்சுக் காவல் நின்னுச்சுன்னு அதுக்குத் தனியா எழுத்தும் வெட்டியிருக்காங்க. அரசனுக்கும் வீரனுக்கும் வெட்டற அதே கல்லுல, அதே எழுத்துல ஒரு நாய்க்கு.

இன்னொண்ணு காளி. 949ல தக்கோலம் போர். (பழவேற்காட்டுலேர்ந்து நேர்க்கோட்டுல அளந்தா கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர்தான்.) சோழ இளவரசர் ராஜாதித்தர் யானை மேலயே விழுந்த போர், நம்மாளுங்க எல்லாருக்கும் தெரியும். ஜெயிச்ச பக்கத்துல வீரமா சண்டை போட்ட மணலேரன்னு ஒருத்தனைக் கூப்பிட்டு ராஜா என்ன வேணும்னு கேக்கறாரு. அவன் பொன்னு கேக்கலை. ராஜாவோட வேட்டை நாய் காளியைக் கேட்டான். அந்த நாய் அப்புறம் ஒரு காட்டுப் பன்னியோட மோதி, ரெண்டும் செத்துப்போச்சு. காளிக்கு ஆதகூர்ல கல் நட்டாங்க. தக்கோலம் போரைப் பத்தின முக்கியமான சான்றே அந்தக் கல்லுதான். சோழர் வரலாற்றுல ஒரு பெரிய திருப்பத்துக்கு நமக்குச் சாட்சி சொல்றது ஒரு நாயோட நினைவுக்கல்!

பழவேற்காட்டுப் பக்கம் வைரவன்குப்பம்னு ஒரு ஊரே இருக்கு. வைரவர் வாகனம் எதுன்னு நான் சொல்லத் தேவையில்லை. என் குட்டிக்கு 'டச்சு'ன்னு வைக்கலாம்னு இருக்கேன். மாமா, "நானூறு வருஷம் கழிச்சு அவன மறுபடியும் ஊருக்குள்ள விடறியா?"ன்னு சிரிக்கறாரு.

4. லைசென்சு

நாய் கடிச்சா வளர்க்கறவன்தான் பொறுப்புங்கறது நேத்து வந்த சட்டம் இல்லை. மெசபடோமியாவுல எஷ்னுன்னான்னு ஒரு ஊர். சுமார் 3800 வருஷத்துக்கு முந்தின அதோட சட்டத்துலயே வெறிநாய் வருது. வெறி பிடிச்சிருக்குன்னு அதிகாரிங்க சொல்லியும் கட்டிப் போடாம, அது ஒருத்தனைக் கடிச்சு அவன் செத்துட்டா, நாய்க்காரன் 40 ஷெக்கல் வெள்ளி கொடுக்கணும். செத்தவன் அடிமையா இருந்தா 15 ஷெக்கல். உசுருக்கு அப்பவே ரெண்டு ரேட்டு.

சென்னையில கதை வேற மாதிரி போச்சு. 1860லேர்ந்து நகராட்சி தெருநாய்களைக் கொல்ல ஆரம்பிச்சுது. நூறு வருஷம் கொன்னும் நாயும் குறையலை, வெறிநோயும் குறையலை. கேப்டன் சுந்தரம் 1959ல தொடங்கின புளூ கிராஸ் அமைப்பு, 1964லேர்ந்து, கொல்றதுக்குப் பதிலா கருத்தடை பண்ணி ஊசி போட்டு அதே தெருவுல விடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. மாநகராட்சி அதை ஏத்துக்க 1996 ஆச்சு. முப்பத்திரண்டு வருஷம்! நம்ம கிளையன்ட்டே பரவாயில்லைன்னு தோணுதுல்ல? 2001ல அது நாடு முழுசுக்கும் விதியா வந்துச்சு, 2023ல புது விதிகள் வந்துச்சு.

வீட்டு நாய்க்கு சென்னையில லைசென்சும் மைக்ரோசிப்பும் கட்டாயம். லைசென்சு வாங்க தடுப்பூசி அட்டை வேணும். இங்கதான் என் லிஸ்ட் இடிச்சுது. பெல்ட்டுக்கு, ஷாம்புக்கு, பொம்மைக்கு வரி போட்ட நான் ஊசிக்கு ஒரு வரி போடலை.

5. ஊசி

அம்மா சொன்னது இதைத்தான்.

அம்மா நாய் பக்கத்துல போகவே மாட்டாங்க. பிடிக்காதுன்னு நினைச்சிருந்தேன். போன ஞாயித்துக்கிழமை ராத்திரி நானே கேட்டேன். இருபத்தெட்டு வருஷத்துல அன்னிக்குத்தான் எனக்கு இன்னொரு மாமா இருந்தாருங்கறது தெரிஞ்சுது.

1974. அம்மாவுக்கு ஆறு வயசு, பெரிய மாமாவுக்கு ஒம்போது. படகு ஏத்துற இடத்துல ஒரு நாய் அவரு கெண்டைக்கால்ல கடிச்சிடுச்சு. பாட்டி மொளகாப்பொடியும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டினாங்க. யாரோ, பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க, வயித்துல ஊசி போடுவாங்கன்னு சொன்னாங்களாம். பதினாலு ஊசி. தினம் ஒண்ணு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். பழவேற்காட்டுல 'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு. ஏரியில நல்ல மீன் கிடைக்கற இடத்துல எல்லாரும் ஒரே நேரத்துல வலை போட முடியாது. அதனால எந்த நாள் யார் எந்த இடத்துல போடணும்னு ஊருக்குள்ள முறை வெச்சு, சுழற்சியில விடுவாங்க. சண்டை வராம, ஏரியும் காலியாகாம இருக்க பல தலைமுறையா நடக்கற ஏற்பாடு, ஆராய்ச்சிக்காரங்க எல்லாம் வந்து எழுதிட்டுப் போன விஷயம். ஆனா முறை வந்த அன்னிக்குப் போகலேன்னா போனதுதான். மறுபடி சுத்தி வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

தாத்தா மூணு நாள் மாமாவைக் கூட்டிட்டுப் போனாரு. படகு, அப்புறம் பஸ், அப்புறம் வரிசை. திரும்பி வர்றதுக்கு இருட்டிடும். நாலாவது நாள் பாடு முறை. காயம் ஆறிப்போச்சு, புள்ள ஓடியாடறான், ஒரு நாள் தள்ளிப் போவலாம்னு நினைச்சாரு. அந்த ஒரு நாள் அப்படியே நின்னுபோச்சு.

ஒண்ணரை மாசம் கழிச்சு மாமாவால தண்ணி குடிக்க முடியலை. அம்மா சொன்னதை அப்படியே எழுதறேன்: "சொம்பக் காட்டுனாலே கழுத்து இழுத்துக்கும்டா. நாலு பக்கமும் தண்ணி இருக்கற ஊரு. எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவெப்பே? எங்கம்மா பாயைத் தொங்கவுட்டு மறைச்சாங்க. காத்து பட்டாலும் கத்துவான். மூணாம் நாள் போயிட்டான். நைனா அந்த பாட்டுக் காச எங்க வெச்சாருன்னு தெரியாது. அவுரு செலவு பண்ணவே இல்ல."

அதுக்கு மேல நானும் கேக்கலை.

வெறிநோய் வரலாறு எல்லாப் புத்தகத்துலயும் 1885 ஜூலை 6ல தொடங்கும். லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர்ங்கற ஒம்போது வயசுப் பையனுக்கு ஊசி போட்ட நாள். (ஒம்போது வயசு. படிச்சப்போ ஒரு நிமிஷம் நிறுத்திட்டேன்.) இந்தியாவுல முதல் பாஸ்டர் நிலையம் 1900ல கசௌலியில, இமயமலை அடிவாரத்துல. 1902ல நம்ம நீலகிரியில லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ்ங்கற இளம்பெண் வெறிநாய்க்கடியில இறந்தாங்க. மருந்து கசௌலியில மட்டும்தான் இருந்துச்சு. அந்தச் சாவுதான் தெற்குக்கும் ஒரு நிலையம் வேணும்னு கிளப்பிவிட்டது. 1907ல குன்னூர் பாஸ்டர் நிலையம் திறந்தாங்க.

1911ல கசௌலியில டேவிட் செம்பிள் ஒரு மருந்து கண்டுபிடிச்சாரு. ஆட்டு மூளையில வெறிநோய்க் கிருமியை வளர்த்து, ஃபீனால் போட்டுக் கொன்னு செய்யற ஊசி. மலிவு, நிறைய செய்யலாம். நம்ம அப்பா அம்மா தலைமுறை பயந்த 'தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி' இதுதான். வலி ஒரு பக்கம், சிலருக்கு மூளைத் திசுவால பக்கவாதம் மாதிரி பின்விளைவு இன்னொரு பக்கம். உலக சுகாதார நிறுவனம் வேண்டாம்னு சொல்லிச் சொல்லி, 2004 கடைசியிலதான் இந்தியாவுல நிறுத்தினாங்க.

எல்லாரும் அந்த ஊசியோட வலியைப் பத்தித்தான் பேசுவாங்க. எனக்கு இப்ப அந்த 'பதினாலு நாள்'தான் உறுத்துது. மருந்து இருந்துச்சு. சென்னை ரெண்டு மணி நேரம். ஆனா தினக்கூலிக்காரனும் மீன் பிடிக்கறவனும் பதினாலு நாள் வேலையை விட முடியாதுங்கறது மருந்தோட கணக்குல வரவே இல்லை. நம்ம பாஷையில சொன்னா, யூசர் யாருன்னு யோசிக்காம டிசைன் பண்ணினது. அதுக்காக செம்பிளைக் குத்தம் சொல்லலை, அன்னிக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். அந்த மருந்து காப்பாத்தின உசுரும் ஏராளம்.

இப்ப ஊசி கையில போடறது. சதையில போடற முறைன்னா கடிச்ச நாள், அப்புறம் 3, 7, 14, 28ஆம் நாள். தோலுக்குள்ள போடற முறைன்னா 14ஐ விட்டுட்டு மத்த நாலு நாள். ஆழமான கடின்னா கூடவே இம்யூனோகுளோபுலின்னு காயத்தைச் சுத்திப் போடுவாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். கடிச்ச உடனே ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். மொளகாப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. நோய் அறிகுறி வந்துட்டா அநேகமா யாருமே பிழைக்கறதில்லை, அதனால ஒரு ஊசியைக்கூட விடக்கூடாது. உலகத்துல இன்னமும் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் இதுல சாகறதா கணக்கு, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல இந்தியாவுல. கடிபடறவங்கள்ல நிறைய பேரு சின்னப் பசங்க.

குட்டிக்கு: ஆறிலேர்ந்து எட்டு வாரத்துல பார்வோ, டிஸ்டெம்பர் சேர்ந்த ஊசி. (பார்வோ 1978ல புதுசா முளைச்ச வைரஸ், தாத்தா காலத்து நாய்க்கு அது கிடையாது.) மூணு மாசத்துல வெறிநோய் ஊசி. அப்புறம் கால்நடை டாக்டர் சொல்ற தேதியில பூஸ்டர், வருஷா வருஷம் மறுபடி. அரசு கால்நடை மருத்துவமனையிலயே போட்டுக்கலாம்.

கடைசியா

நாயைப் பத்தி பயமுறுத்திட்டு முடிக்க மனசு வரலை. 2004 சுனாமியப்போ புதுச்சேரிக்குப் பக்கத்துல சின்னக்காலாப்பட்டு மீனவக் குப்பத்துல ஒரு நாய் பேப்பர்ல வந்துச்சு, ஞாபகம் இருக்கா? பேரு செல்வகுமார். அலை வர்றப்போ ஒரு அம்மா ரெண்டு சின்னப் பசங்களைத் தூக்கிட்டு ஓட, ஏழு வயசு மூத்தவன் பயத்துல குடிசைக்குள்ள போய்ட்டான். அந்த நாய்தான் அவனை முட்டி முட்டி மேட்டுக்குத் தள்ளிட்டு வந்துச்சு. ஒரு கடற்கரைக் குப்பத்துல ஒரு நாய் எங்க மாமாவைக் கொண்டுபோச்சு. இன்னொரு குப்பத்துல இன்னொரு நாய் இன்னொரு பையனைக் கொடுத்துட்டுப் போச்சு.

ஷீட்டைத் திருத்திட்டேன். முதல் வரி ஊசி. சீப்பும் பொம்மையும் எலும்புத் தட்டும் காலி. அம்மா ஒரு வரி சேர்க்கச் சொன்னாங்க: அந்தக் குட்டியோட மத்த மூணு குட்டிக்கும், தாய் நாய்க்கும் சேர்த்து ஊசி. "நீ ஒண்ணத் தூக்கினு வந்துருவ. மத்தது அங்கதான சுத்தும்? அங்க புள்ளைங்க இருக்குதுங்க"ன்னாங்க.

அடுத்த சனிக்கிழமை போறோம். அம்மாவும் வர்றாங்க. மாமா கால்நடை டாக்டர்கிட்ட பேசி வெச்சிருக்காரு, அன்னிக்கு அவருக்கு வலைக்குப் போற நாள் இல்லையான்னு கேட்டேன். "இருந்தா இன்னாடா, ஒரு நாள்தானே"ன்னாரு.

டிஸ்கி: உங்க தெருவுல ஊசி போடாத நாய் எத்தனைன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அடுத்த பதிவு டச்சு போட்டோவோட :-)